சமமாகப் படுக்காத பத்திரம்

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு வழக்கை நடத்திய வக்கீல் நல்ல உயரம். கறுப்புக் கோட்டு இடுப்போடு நின்றுவிடும். ஸ்கேனர் வாங்கிய நாளிலிருந்து அவருக்குக் காகிதம் என்றாலே இளக்காரம். ஒரு தாளை ஸ்கேன் செய்து முடித்ததும், அதற்குக் கருமாதி முடித்தவர்போல் இரண்டு கைகளையும் தட்டிக்கொள்வார்.

வீட்டுக்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம், பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் பதியும் அதிகாரியான நொத்தேர் எழுதிக்கொடுத்த பத்திரம். தாள்களை நூலால் தைத்து, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். தைத்த பத்திரம் ஸ்கேனரில் சமமாகப் படுக்கவில்லை என்று, வக்கீல் கத்தரிக்கோலால் நூலை வெட்டிவிட்டார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நடுவுல தாள மாத்தலன்னு என்ன நிச்சயம்?" என்றார். ஜட்ஜ் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

வெளியே வந்ததும், "ஏன் சார் நூல வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க. அந்த நூலயும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆபீசுக்குக் கூட்டிப்போய் மேசைமேலிருந்த தடித்த மானிட்டரில் காட்டினார். கத்தரி பட்ட இடம்கூட அவ்வளவு தெளிவாக இருந்தது. பார்த்துவிட்டு நான் நிமிர்ந்தபோது, அவர் கைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.