யாழினி படிக்கும்போது எடுத்த படம்

நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை என் மகள் யாழினி தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திறந்திருந்தது வேறு பக்கம்.

மனப்பாடம் செய்துகொண்டு என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். பக்கங்களை மாற்றி மாற்றிச் சோதித்தேன். எழுத்துக்கு எழுத்து நின்றாள். "பொய்க்காரி" என்றேன். இதைப் படிக்கும் பெற்றோரில் சிலரும் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும்.

பள்ளியில் சொன்னதன்பேரில் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனோம். பல சோதனைகளுக்குப் பின், டிஸ்லெக்சியா (எழுத்தை அதன் ஒலியோடு இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம்) என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு எழுத்து மட்டும் எப்படி வராமல் போகும்?

அங்கே ஓர் ஆய்வுக்காக, குழந்தைகள் படிக்கும்போது எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை இரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் ஸ்கேன்) எடுத்தார்கள். சம்மதப் படிவத்தை மூன்று முறை படித்தேன்.

"இது வைத்தியமா, ஆராய்ச்சியா டாக்டர்?"

"ஆராய்ச்சிதாங்க. உங்க பொண்ணுக்கு நேரடியா பலன் இருக்காது. வேணாம்னா விட்டுடலாம்."

இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதும் சந்தேகம் கூடியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அவள் நடிக்கிறாளா என்பது படத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஸ்கேன் அறை வாசலில் அவள் தோட்டைக் கழற்றினேன்.

"அம்மா, நான் பொய் சொல்றேனான்னு இது கண்டுபிடிச்சிடுமா?"

என் விரல்கள் திருகாணியிலேயே நின்றுவிட்டன.

"நீ பொய் சொல்லலம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"இல்ல, போறேன். நீ இங்கயே நில்லு."

ஸ்கேன் முடிந்த பிறகு டாக்டர் சொன்னார்: "ஒரு படத்த வச்சு ஒரு பிள்ளையப் பத்தி முடிவு சொல்ல முடியாதுங்க. நெறய பேரோடத சேத்துப் பாத்தாதான் ஏதாவது தெரியும்." நான் எதிர்பார்த்துப் போன பதில் அதில் இல்லை.

வாரம் இருமுறை சிறப்புப் பயிற்சி. சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பது. அதற்குள் வயலில் குறுவை நெல் அறுத்து, சம்பாவும் அறுத்தாகிவிட்டது. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள்.

போன வாரம் தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் எங்கள் ஊர்ப் பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தொடங்கினாள். "திருக்... காட்..." தெரிந்த பஸ்தானே, ஊகித்துச் சொல்கிறாளோ என்று இப்போதும் தோன்றியது. ஆனால் "டு"வில் வெகுநேரம் நின்றாள். நடத்துநர் விசில் ஊதினார். மீதிச் சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லால் அழுத்திக்கொண்டேன். பஸ் போனால் போகட்டும் என்று அவள் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் "பள்ளி" என்று முடித்தபோது பஸ் தெரு திரும்பியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை.