தனியாக வைத்த மிளகாய்

ஒரு காலத்தில் எங்கள் மாடியில் ஏழு வகை மிளகாய் இருந்தது. நீளச் சம்பா, காந்தாரி, வானத்தைப் பார்த்துக் காய்க்கும் ஒன்று, கறுப்பாகப் பிடித்துப் பிறகு சிவக்கும் ஒன்று, பெயர் தெரியாத இரண்டு, அவற்றோடு எங்கள் வீட்டு மிளகாய். அம்மா கல்யாணமாகி வரும்போது பிறந்த ஊரான பூவத்திலிருந்து கொண்டுவந்த விதை அது. காய் குட்டையாக, கட்டைவிரல் பருமனில், நுனி மழுங்கி இருக்கும். காரம் குறைவு. மோர் மிளகாய்க்கு மட்டும்தான் அதைப் போடுவோம்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். கல்யாணம் அமையவில்லை. துணிக்கடையில் சேலை மடித்து அடுக்கும் வேலை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மிளகாய் விஷயத்தில் மட்டும் அந்தக் கூச்சம் இருக்காது. சந்தையில் புதிதாக ஒரு பழத்தைப் பார்த்தால், முன்பின் தெரியாதவரிடம்கூட ஒன்று கேட்டு வாங்கிவிடுவேன்.

ஆடியில் விதையைப் புளித்த மோரில் ஊறவைப்பேன். தட்டில் தென்னைநார்த் தூள் பரப்பி, விதையைத் தூவி, எறும்பு இழுக்காமல் ஓரத்தில் சாம்பல் போட்டு, மேலே வைக்கோல் மூடுவேன். எட்டாம் நாள் கழுத்தை வளைத்துக்கொண்டு முளை வரும். ஒரு மாதம் கழித்துப் பெயிண்ட் வாளிக்கு மாற்றுவேன். மாடி சின்னது. வாளிகளை ஒட்டி ஒட்டி வைத்தேன்.

அதுதான் தப்பு. தேனீ எல்லாப் பூவிலும் உட்கார்ந்து எழுந்தது. அந்த வருஷம் காய்த்தது சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து எடுத்த விதைதான் மறுவருஷம் வேறு மாதிரி வந்தது. ஒரு செடியில் காய் நீளம், இன்னொன்றில் கூர்மை, கடித்தால் நாக்கு எரிந்தது. மழுங்கிய நுனி ஒன்றிலும் இல்லை. பழைய விதையில் ஒன்றுகூட நான் மிச்சம் வைத்திருக்கவில்லை.

தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் பாரிசுக்கு வெளியே ஒரு ஊரில் இருந்தாள். அவள் மாமனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அந்த வழியில் அவர்கள் குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. லீவுக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் வருஷம் ஒரு கிலோ மோர் மிளகாய் கொடுத்தனுப்புவேன். விதை மாறிப்போன அந்த வருஷம், கடையில் பார்க்க அதே மாதிரி இருந்த மிளகாயை வாங்கிப் போட்டு அனுப்பினேன். அப்படியே ஏழு வருஷம் போனது. பொட்டலம் கிடைத்ததும் தங்கச்சி போன் செய்வாள்.

“ஏக்கா, பொட்டலம் வந்துச்சு. இவரு ரெண்டு கை சோறு கூடவே திங்கிறாரு.”

“நல்லா இருக்காடி?”

“கடையில வாங்குனது மாதிரி ஒரே அளவா இருக்கு. கை தேறிட்டே போ. இப்ப எத்தன செடி வச்சிருக்கே?”

“ஏழு வகை.”

“ஏழா! ஒன்னப் பொண்ணு பாக்கக்கூட ஏழு பேரு வரலியேக்கா.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

போன வருஷம் மாசியில் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். தங்கச்சி வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து, அங்கேயே முடிந்துவிட்டது என்றார். நான் கடையில் இருந்தேன். கையிலிருந்த சேலையை மடித்து முடித்தேன். பக்கத்தில் இன்னும் ஆறு சேலை இருந்தது, அவற்றையும் மடித்துவிட்டுத்தான் முதலாளியிடம் சொன்னேன்.

விசா எடுத்துப் போவதற்கு நாள் இல்லை. அங்கேயே எரித்தார்கள். போனில் காட்டினார்கள். பெட்டியும் சிலர் முதுகும் தெரிந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். “அழுதுடுங்க, பாரம் கொறையும்” என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். எனக்கு வரவில்லை. அவர்கள் போனதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஆடியில், லீவுக்கு வந்த கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் பை கொண்டுவந்து கொடுத்தார். அதில் அவளுடைய இரண்டு சேலை, மூக்குக்கண்ணாடி, ஒரு தேயிலை டப்பா. டப்பாவுக்குள் மடித்த காகிதத்தில் மிளகாய் விதை. காகிதத்தின் மேல் அவள் கையெழுத்து: ‘வீட்டு மிளகாய். தனியா வை.’

அவள் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

“தம்பி, இந்த வெதை ஏது?”

“கல்யாணமாகி வரப்ப ஒங்க வீட்டு வெதையக் கொண்டாந்தாக்கா, அந்தச் செடியோடதுதான். சன்னலுக்கு உள்ள ஒரே தொட்டி. வருஷா வருஷம் வெதை எடுத்து மறுபடி போடுவா.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“நீங்க அனுப்புறது கடை மொளகான்னு மொத வருஷமே கண்டுபுடிச்சிட்டாக்கா. கேட்டுற வேண்டியதுதானேன்னேன். வேணாம், கேட்டா அக்கா கூச்சப்பட்டுக்கிட்டு செடி வைக்கிறதையே விட்டுரும்னா. ஊருக்கு வரப்ப நேர்ல குடுக்கணும்னு எடுத்து வச்சிருந்தா.”

சரி தம்பி என்று போனை வைத்தேன்.

மறுநாள் மற்ற வாளிகளை எல்லாம் பக்கத்து வீட்டம்மாவுக்கும், அவர் சொன்ன இன்னும் இரண்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். காகிதத்தில் முப்பத்தொரு விதை இருந்தது. இருபதைப் போட்டேன். எட்டாம் நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாளும் இல்லை. பன்னிரண்டாம் நாள் வைக்கோலைத் தூக்கிப் பார்த்தபோது நாலு முளை நின்றது. பிறகு இன்னும் ஐந்து வந்தது. ஐப்பசி மழையில் மூன்று அழுகிவிட்டது. மீதி ஆறையும் பூக்கும்போது கொசுவலையால் மூடினேன்.

மார்கழியில் காய்த்தது. நுனி மழுங்கியிருந்தது. ஒன்றைப் பறித்துக் கையில் வைத்திருந்தேன். இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காயைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போனேன்.

விதைக்கு எட்டுக் காயைப் பழுக்க விட்டேன். மற்றதைப் பறிக்கப் பறிக்கக் கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் மாலையில் மறுபடி தயிரிலுமாக, தயிர் வற்றும்வரை காயவைத்தேன். கால் கிலோகூடத் தேறவில்லை.

இந்த ஆடியிலும் அந்தக் கோட்டுச்சேரிக்காரர் வந்தார்.

“என்னங்க, இந்த வருஷம் எதாச்சும் குடுக்கிறீங்களா? மேல எழுதிக் குடுத்துருங்க, பொட்டலம் மாறிப் போயிடுது.”

உறையில் தங்கச்சி வீட்டுக்காரர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே ‘வீட்டு மிளகாய்’ என்று எழுதினேன்.

அவர் வாங்கிப் படித்துப் பார்த்தார்.

“மொளகான்னு போட்டா பத்தாதா? இதுல என்னங்க வீட்டு மொளகா?”

“இருக்கட்டுங்க” என்றேன்.