எங்கள் வீட்டு அட்மினிஸ்ட்ரேட்டர்

காஜா பேராங் வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என் கணவர். நான் வெறும் பயனர். திரையில் அப்படித்தான் போட்டிருந்தது. வீட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தீபாவளி வாழ்த்து என்று வந்த மின்னஞ்சலைத் திறந்து வைரஸை உள்ளே விட்டவள் நான்தான். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் போயின. அன்றைக்கு அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அதோடு போயிருக்கும். மறுநாள் எனக்கென்று தனியாக ஒரு கணக்கைத் திறந்து, "இனிமே நீ இதுல வா. எதையும் ஏத்தவும் முடியாது, கெடுக்கவும் முடியாது" என்றார்.

ஆனால் நான் பயன்படுத்திய தமிழ்த் தட்டச்சு நிரல் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதித்தால்தான் ஓடும். எந்தப் புண்ணியவான் அப்படிச் செய்து வைத்தானோ. அதைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்கும். காலையில் ஆயர் குரோவில் இருந்த தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் அவர் வந்து, என்னை நகரச் சொல்லி, இடக்கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு அடிப்பார். அதன் பிறகு கம்ப்யூட்டர் அணையாதவரை நான் தமிழில் எழுதலாம். அணைந்தால் போச்சு. அவர் ஏழு மணிக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடவுச்சொல்லைச் சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "எனக்குத் தெரிஞ்சா போதாதா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆண்டு ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் அச்சகம் வைத்திருந்த ஓர் அண்ணன், சுதந்திர நாள் மலர் ஒன்றைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். நாடு விடுதலையான மெர்டேக்கா காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள் கையால் எழுதித் தந்த நினைவுகள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முடித்தால் அச்சகத்தின் தட்டச்சு வேலை முழுக்க எனக்கே என்றார். கல்யாணத்துக்கு முன் நான் ஓர் ஆபீசில் தட்டச்சு செய்யும் கெராணியாக இருந்தவள். எட்டு வருடம் வீட்டோடு கிடந்த பிறகு வந்த முதல் வேலை அது. எனக்கு அது கட்டாயம் வேண்டும். வெள்ளைக்காரனின் பழைய கொடி இறங்கியபோது நின்று அழுததாக ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, நாடு விடுதலையாகி இத்தனை வருடமாகியும் நான் கடவுச்சொல்லுக்குக் கையேந்தி நிற்கிறேன் என்று கீழே ஒரு குறிப்புப் போடலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பக்கம் பாக்கி இருந்தபோது வானம் இருட்டியது. மணி இரண்டரை. தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, பிளக்கைப் பிடுங்கு, போன மாதம் இடியில் தன் டிவி புகைந்தது மறந்துவிட்டதா என்று மலாயில் சத்தம் போட்டார். மறக்கவில்லை. பிடுங்கினால் வேலை போகும், பிடுங்காவிட்டால் கம்ப்யூட்டர் போகும். கொடியில் கிடந்த துணியை எடுக்கக்கூட எழுந்திருக்காமல் அடித்தேன். அடுத்த இடிக்கு மெயின் சுவிட்ச் விழுந்து கரண்டு போனது. துடைப்பக் கட்டையால் அதை ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. நிரலைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்து நின்றது.

அவர் பிறந்தநாளை அடித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பெயர், கார் நம்பர், கடைசியாக என் பெயர். எதற்கும் மசியவில்லை. என் பெயரை அடிக்கும்போது கொஞ்சம் நம்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த மழையில் சைபர் கபேக்கு ஓடலாம்தான், ஆனால் அங்கே தமிழ் எழுத்து ஏது? தொழிற்சாலைக்குப் போன் செய்து அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஏங்க, கரண்டு போயிட்டு வந்துச்சி. அந்த பாஸ்வர்டு மட்டும் சொல்லுங்க. நாலு மணிக்கு அச்சகத்து அண்ணன் வந்துடுவாரு."

"சூப்பர்வைசர் மேசையில நின்னு பேசுறேன். சுத்தி ஆளுங்க இருக்காங்க. இதெல்லாம் போன்ல சொல்றதா?"

"வந்ததும் மாத்திக்குங்க. இப்ப மட்டும் சொல்லுங்க."

"வந்து போட்டுத் தர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அச்சகத்து அண்ணன் சொன்னபடி நாலு மணிக்குக் குடையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது ஒங்க வீட்டு கம்ப்யூட்டர்தானேம்மா?"

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முடித்த பக்கங்களை டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன். மிச்சத்தை வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்வதாகச் சொல்லி, கையெழுத்துத் தாள்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அச்சகத்திலிருந்து ஒரு வேலையும் வரவில்லை.

ஏழு மணிக்கு என் கணவர் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான் போனார். அந்த அக்கறையில் பொய் இல்லை. கடவுச்சொல்லை அடித்தார். நிரல் திறந்துகொண்டது.

"இவ்ளோதானே. இதுக்கா பேக்டரிக்கு போன் பண்ணுன?"

கையெழுத்துத் தாள்கள் இல்லாமல் மேசை காலியாகக் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஆமாங்க" என்றேன்.