கூடக்குறைய ஆர்லன்

ஆர்லன் ஸ்டெங்கலுக்குப் பொய் சொல்ல வராது. மினசோட்டாவில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. இவனுக்கு உண்மையையும் ஒழுங்காகச் சொல்ல வராது என்பதுதான் சிக்கல். எதைக் கேட்டாலும் ஒரு எண்ணைச் சொல்லி, அந்த எண் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்று இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்வான். மருத்துவ இயற்பியல் படித்ததால் வந்த வியாதி. புற்றுநோயாளியின் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு விழுகிறது என்று அளக்கிறவர்கள் அப்படித்தான் பேசியாக வேண்டும். ஆனால் மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் மனிதர்களாகிவிடுவார்கள். ஆர்லன் ஆகவில்லை.

உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்கு உட்கார்ந்திருந்த ஒரு நாள், கல்யாணம் பண்ணிக்கலாமா என்று காதலி பிரிட்டாதான் அவனைக் கேட்டாள். அவன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு நன்றாக யோசித்தான்.

"தொண்ணூத்திநாலு சதவீதம் சரி. மூணு கூடக்குறைய."

வேறொருத்தியாக இருந்தால் அந்தத் துளைக்குள்ளேயே தள்ளியிருப்பாள். பிரிட்டா சிரித்த சிரிப்பில் காப்பி பிளாஸ்க் கவிழ்ந்தது. இவன் ஒருநாளும் தன்னை ஏமாற்ற மாட்டான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மீதிச் சதவீதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சரி சொன்னாள்.

அந்தப் படிப்பில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் பத்துப் பேரைத்தான் சேர்ப்பார்கள். ஆர்லன் சேர்ந்து, முனைவர் பட்டமும் வாங்கிவிட்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க ரெசிடென்சி என்ற பயிற்சி வேண்டும். நேர்முகம் முடிந்ததும் ஆஸ்பத்திரிகள் தங்களுக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தும். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவார்கள். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்துச் சொல்லும். ஜோசியராவது பரிகாரம் சொல்வார், கம்ப்யூட்டர் அதுவும் சொல்லாது.

இரண்டு வருடம் ஆர்லனுக்குப் பொருந்தவில்லை. முதல் வருடம், எங்கள் ஊர் பிடிக்குமா என்று கேட்டவர்களிடம் அறுபது சதவீதம் என்றான். அடுத்த வருடம், கூட வேலை பார்ப்பவர்களோடு ஒத்துப்போவீர்களா என்று கேட்டார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டான், கணக்குப் போட.

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவனுடைய துறை வருடாவருடம் இணையத்தில் போடும். ஆஸ்பத்திரி, கல்லூரி, கம்பெனி, கடைசியில் 'மற்றவை'. அந்தக் கடைசிக் கட்டத்தில் பல வருடமாகப் பூஜ்யம் நின்றது. துறைத் தலைவர் அந்தப் பூஜ்யத்தைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார். அதைக் கெடுக்க ஆர்லன் வந்து சேர்ந்தான்.

மாமனார் டுவேனுக்குப் பனி தள்ளும் இயந்திரம் விற்கிற கடை. மாப்பிள்ளைக்கென்று அங்கே ஒரு மேஜையைக்கூட ஒழித்து வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை, வர்றவன் இது ஓடுமான்னு கேப்பான். நீ ஓடும்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவே உனக்குக் கஷ்டம்தான்" என்றார்.

பிரிட்டா முழுகாமல் இருந்தாள். இந்த மூன்றாவது தடவையும் பொருந்தாவிட்டால் கடைதான் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். ஆர்லனுக்கு அந்த ஆஸ்பத்திரி வேலையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் கருவியைச் சோதித்துச் சரி என்று சொல்லும் ஆளாக இருக்க வேண்டும், அதுதான் அவன் ஆசை.

பிரிட்டா அடுப்படியிலேயே பயிற்சி ஆரம்பித்தாள். அவள் கேள்வி கேட்பாள், அவன் 'ஆமா' என்று மட்டும் சொல்ல வேண்டும். வாயில் எண் வந்தால் அன்றைய பாத்திரம் அவன் தலையில். கையெல்லாம் ஊறிப்போய், ஜனவரிக்குள் ஆர்லன் தேறிவிட்டான். கொஞ்சம் அதிகமாகவே தேறினான். தேவாலய விருந்துக்கு நூற்றைம்பது பேருக்கு மீன் வேகவைக்க முடியுமா என்று கேட்டவர்களிடமும் ஆமா என்றுவிட்டு வந்தான்.

நேர்முகம் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில். பயிற்சித் தலைவர் டாக்டர் கோவாட்ச் சிரிக்காத அம்மாள். ஊர் பிடிக்குமா? ஆமா. குளிர் தாங்குவீர்களா? ஆமா. எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"காலைச் சோதனையில மெஷின் கதிர்வீச்சு அஞ்சு சதவீதம் அதிகம் காட்டுது. வெளியே நோயாளிங்க காத்திருக்காங்க. டாக்டர் பரவாயில்ல, ஆரம்பிங்கன்றார். ஆரம்பிப்பீங்களா?"

"ஆமா."

அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மதியச் சாப்பாட்டில் இரண்டாவது வாய் மெல்லும்போதுதான், தான் சொன்னது ஆர்லனுக்கே காதில் விழுந்தது. அந்த அம்மாள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். கோட்டுகூடப் போடாமல் ஓடினான்.

அவர் கார்க் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் சொன்னது தப்பு. ஆரம்பிக்க மாட்டேன். திரும்ப அளப்பேன். அப்பவும் அஞ்சு வந்தா மெஷினை நிறுத்திடுவேன்."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

பிரிட்டா, பாத்திரம், தேவாலயத்து மீன், எல்லாவற்றையும் பல் கிட்டிக்கச் சொன்னான். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"டாக்டர் கத்துவார். அப்பவும் மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எவ்வளவு நிச்சயம்?"

"நூறு."

"கூடக்குறைய?"

ஆர்லன் வாயைத் திறந்தான். வழக்கமான எண் எதுவும் வரவில்லை.

"இதுக்குக் கிடையாது, டாக்டர்."

"உள்ள போய்க் கோட்டைப் போடுங்க" என்றுவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். பிரிட்டா திட்டவில்லை. மேஜை இருக்கட்டும் என்று அப்பாவுக்குப் போன் மட்டும் செய்தாள்.

மார்ச்சில் மின்னஞ்சல் வந்தது. அவன் திறக்கப் பயந்ததால் அவளே திறந்தாள். டுலூத் பொருந்தியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஆர்லன் அடுப்படி நடுவில் அப்படியே நின்றான்.

"சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

பிரிட்டா எண்ணுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பயிற்சிதான் பேசுகிறதோ என்று சந்தேகப்பட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அழுதுகொண்டிருந்தான். அன்றைக்குப் பாத்திரத்தை அவளே கழுவினாள்.