மஸ்கட் மூன்றரை, மலை ஐந்து

"சிங்கப்பூருதானே? கம்பத்துல ஏறி கொடைக்கானல் போயி எறங்குற நேரந்தேன் ஆத்தா. இங்கன கண்ணசந்தா அங்கன முழிச்சிரலாம்."

மகளின் பிரசவத்துக்குப் போகவிருக்கும் காமயகவுண்டன்பட்டி பஞ்சம்மாளிடம் பேசிக்கொண்டே பயணச்சீட்டை அச்செடுக்கிறார் சல்மா. "அப்ப பக்கந்தேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார் பஞ்சம்மாள்.

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிறது சல்மாவின் டிக்கெட் கடை. அங்கே உலக ஊர்களுக்கெல்லாம் உள்ளூர் அளவு உண்டு. லண்டன் என்றால் கம்பத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிற நேரம். ஆனால் சீட்டைக் கையில் கொடுக்கும்போது மட்டும் குரல் கண்டிப்பாகிவிடும். "பிளேன் லேட்டானா அவுக பதில் சொல்லுவாக. குமுளி மலையில லாரி படுத்துக்கிட்டா யாரு சொல்லுவா? வெள்ளனக் கிளம்பிருங்க."

போன மார்ச்சில் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் இத்ரீஸ் போனில் அழுதான். "அத்தா மௌத்தாயிட்டாகக்கா. மொகத்தப் பாக்கணும்." நம் நேரம் எட்டு மணிக்குக் கொச்சிக்குக் கிளம்பும் விமானத்தில் ஓர் இடம் பிடித்துக்கொடுத்துவிட்டு, அடுத்த தெருவிலிருந்த அவன் வீட்டுக்கு விரைந்தார் சல்மா.

வாசலில் அவனுடைய பெரியத்தா, அப்பாவின் அண்ணன் உமர் பாருக் நின்றிருந்தார். "சாயங்காலம் அஸர் தொழுததும் எடுத்துருவோம்மா. மய்யித்தக் காக்க வைக்கக் கூடாது."

"ஆகாசத்துல மூணரை மணி நேரம், மலை ரோட்டுல அஞ்சு. பொழுதடையிற மஃரிபுக்குள்ள வந்துருவான் மாமு. நான் பொறுப்பு."

கடை போட்ட பன்னிரண்டு வருடத்தில் யாருக்கும் சல்மா வந்துசேரும் நேரத்தை உறுதியாகச் சொன்னதில்லை.

உமர் பாருக் உள்ளே போகத் திரும்பினார். "சரி. மஃரிப் வரைக்குந்தேன்."

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. சல்மா காலையிலேயே அனுப்பியிருந்த டாக்ஸி டிரைவர் சுந்தர்ராஜ் அங்கே காத்திருந்து இத்ரீஸை ஏற்றிக்கொண்டார். சல்மா அரை மணிக்கொரு தடவை இத்ரீஸைக் கூப்பிட்டார். முண்டக்கயம் தாண்டியாச்சு. குட்டிக்கானம் தாண்டியாச்சு. அப்புறம், "வண்டி நின்னுருச்சுக்கா. ரோடு வேலையாம்." ஒரு மணி நேரம் போனது. கடைக்கு வந்தவர்களிடம் என்ன பேசினோம் என்றே சல்மாவுக்கு நினைவில்லை. "கம்பம் வந்துட்டோம்" என்றதும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, இத்ரீஸ் வீட்டுத் தெருவை அடைத்து நின்ற பைக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒதுக்கினார்.

மஃரிப் பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கார் திரும்பியது. அது நிற்பதற்குள் இத்ரீஸ் குதித்து உள்ளே ஓடினான். வீட்டுக்குள் அழுகை உயர்ந்து அடங்கியது. பிறகு ஜனாஸாவைச் சுமந்துகொண்டு வெளியே வந்தபோது, முன்பக்கத் தோள் இத்ரீஸுடையது.

ஊரே பள்ளிவாசல் பக்கம் நடந்தது. கதவு திறந்தபடி கார் தெருவிலேயே நின்றது. சுந்தர்ராஜ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். சல்மா ஜன்னலோரம் வந்தார். கையில் இரண்டு செம்பு தண்ணீர்.

"மொகத்துக்கு ஒண்ணு, குடிக்க ஒண்ணு. எறங்குங்கண்ணே."

அவர் இறங்கி முகம் கழுவி, குடித்து முடிக்கும்வரை, சல்மா காலிச் செம்பை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடியே நின்றார்.