யானையின் முழங்கால் வரை

அங்கன்வாடிச் சுவரில் பிள்ளைகளுக்காக வரைந்திருந்த யானையின் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. மழை விட்டு வெயிலே அடிக்க ஆரம்பித்திருந்தது. பிறகு ஏன் வடியவில்லை? கிள்ளை ஊருக்கு அப்பால் இருந்த அந்த மீனவர் குப்பத்தின் புதுச்சாலை மேல் ஏறி நின்று பார்த்தேன். கடல் பக்கம் மணல் காய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் குளம்போல் மழைத்தண்ணீர். அப்போதுதான் பொறி தட்டியது. அங்கன்வாடி நாங்கள் கட்டியது. தண்ணீரை மறித்த சாலையும் நாங்கள் போட்டதுதான்.

சுனாமிக்குப் பின் வந்த வெளிநாட்டு உதவியில் இயங்கிய எங்கள் தொண்டு நிறுவனத்தின் கடலூர் அலுவலகத்தில் இரண்டு மேசைகள். வளர்ச்சிப் பணி என்னுடையது. எதிர் மேசைப் பொறியாளருக்குப் பருவநிலை மாற்றம். கடல் ஏறி வந்தால் தடுக்கட்டும் என்று சாலையை உயர்த்தியவர் அவர். தினமும் ஒன்றாக டீ குடித்தோம். வரைபடங்களை மட்டும் ஒன்றாக விரித்ததில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரங்களை வெளியேற்றிக்கொண்டிருந்த அங்கன்வாடி டீச்சர், என்னையும் கூட வந்திருந்த பொறியாளரையும் பார்த்ததும் கேட்டார்: "ஏன் சார், ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான வர்றீங்க? வழியில பேசிக்க மாட்டீங்களா?"

சிரிப்பு வந்தாலும் அவர் கவலை சிரிப்புக்குரியதல்ல. இப்படித் தண்ணீர் நின்றால் அங்கன்வாடி மையத்தைக் கிள்ளைக்கே மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. அவ்வளவு தூரம் அந்தச் சிறுசுகள் போகப்போவதில்லை. மதியச் சாப்பாடும் போய்விடும்.

"ரோட்ட வெட்டிடலாம் மச்சான்" என்றேன் பொறியாளரிடம்.

"வெட்டிட்டு? புயல் வந்தா கடலுக்குப் பத்திரிகை வச்சுக் கூப்புடுவியா?"

அவர் சொன்னதும் சரிதான். அப்படியானால் தண்ணீரை வெளியே விட்டு, உள்ளே விடாத வழி உண்டா? திரும்பும் வழியெல்லாம் நச்சரித்தேன். டீக்கடைப் பழைய பேப்பரில் அவர் வரைந்து காட்டினார்: சாலைக்கடியில் குழாய், கடல் பக்க வாயில் தொங்கும் இரும்புத் தட்டு. மழைத்தண்ணீர் தள்ளினால் திறக்கும். கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும்.

அப்படியே குழாய் பதித்தோம். அடுத்து வந்த மழையில் தண்ணீர் வடிந்தது. மையம் இடம் மாறவில்லை. யானையின் முழங்கால் வரை தண்ணீர்க்கறை படிந்திருந்த சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பினோம். டீச்சர் விடவில்லை. "யானைய மட்டும் வுட்டுடுங்க சார். அடுத்து வர்றவங்களும் பாக்கட்டும்."

இப்போது உதவி தருபவர்கள் பக்கத்துக் குப்பங்களுக்கும் திட்டம் கேட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் இரண்டாக: வளர்ச்சிக்கு ஒன்று, பருவநிலைக்கு ஒன்று. நாங்கள் ஒன்றாகவே எழுதிக் கொடுக்கப் போகிறோம். ஏற்பார்களா, தெரியாது. அதைப் பற்றி அவர்களோடு பேசும் கூட்டத்தை மட்டும் அலுவலகத்தில் வைக்கவில்லை. அங்கன்வாடியில், அந்தக் கறை படிந்த யானைக்கு எதிரே பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறோம்.