கடல் பார்க்கப் போன பகல்

மெட்ராஸ் போனா கடல் பாக்கோணும். நான் கேட்டது அது ஒண்ணுதான். எங்க ஊட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனில நூலைத் துணியாப் பின்னற மிசின்ல வேலை, எப்பவும் ராத்திரி ஷிப்ட்டு. பகல்ல, கம்பெனிச் சுவத்தை ஒட்டுன லைன் ஊட்டுல, அந்த மிசின் சத்தத்துலயே படுத்துத் தூங்குவாரு. மெட்ராஸ் கடைக்கு ஒரு பண்டல் கொண்டுபோகோணும்னு முதலாளி அனுப்புனாரு. "சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போப்பா"ன்னு அவரே சொன்னதால எனக்கும் ரயில் யோகம்.

காலைலயே பண்டலைக் குடுத்தாச்சு. சாயங்காலம் ரயிலு. நடுவுல கெடக்கற பகல் என்னுது. அப்பெல்லாம் சென்ட்ரல் பக்கத்துலயே மிருகக்காட்சி சாலை இருந்துச்சு, அந்த ஊர்க்காரங்க உயிர் காலேஜும்பாங்க. அதைப் பாத்துட்டுக் கடலுக்குப் போலாம்னாரு. சிங்கம் எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலை, அதுக்கும் ராத்திரி ஷிப்ட்டோ என்னமோ.

பக்கத்துப் பார்க்குல, "கொஞ்சம் படுத்துக்கறேம்புள்ள"ன்னு புல்லுல சாஞ்சாரு. தூக்கம் வரோணுமே! பச்சைப் பசேல்னு மரம், சிலுசிலுன்னு காத்து, மனுஷன் பொரண்டு பொரண்டு படுக்கறாரு. மிசின் சத்தம் நின்னா ஊசி ஒடஞ்சிருச்சு, துணி கிழியுதுன்னு அர்த்தம். அப்படியே பழகுன ஒடம்பு, அமைதியில எப்படித் தூங்கும்?

மூலைல செடிக்குத் தண்ணி எறைக்கற மோட்டார் ரூமு தடதடன்னு ஓடிட்டிருந்துச்சு. அந்தச் சுவத்தோரம் போய்த் துண்டை விரிச்சாரு. தலை சாஞ்சதுதான் தெரியும், கொறட்டை! அட கருமமே! ஊரே பூ பாக்க வந்திருக்குது, நான் எண்ணெய் நாத்தத்துல காவல் ஒக்காந்திருக்கேன்.

வெயில் சாயச் சாய, கடல் பாக்கற நேரம் போகுதேன்னு ஆத்திரமா வந்துச்சு. எழுப்பலாம்னு கையை நீட்டுவேன். கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்கறதைப் பாத்துட்டு எடுத்துக்குவேன். எனக்கும் அசதிதான், பொழுதுக்கும் பனியன்ல நீட்டிட்டிருக்கற பிசிறு நூலை வெட்டற கையி. இருந்தாலும் இனியொருக்கா யாரு கூட்டிட்டு வர்றது? எந்திரிக்கட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்னு இருந்தேன்.

தோட்டக்காரரு வந்து மோட்டாரை நிறுத்துனாரு. இவரு துள்ளி எந்திரிச்சு ஒக்காந்து, கண்ணுகூடத் தொறக்காம, வெறுங்காத்துல ரெண்டு கையாலயும் மிசினைத் தேடறாரு.

"ஊசி போச்சா? துணி எவ்வளவு கிழிஞ்சுது?"

காத்துல தேடுன ரெண்டு கையையும் புடிச்சுக் கீழ எறக்குனேன்.

"ஒண்ணும் கிழியலீங்க"ன்னேன். "எந்திரிங்க, ரயிலுக்கு நேரமாச்சு."